பெயிண்ட் காயாத மாதா

நான் இதைத் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன், தம்பி. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது. ஏழாம் வகுப்போடு நின்றவள். முக்கியமானதை விட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து திரும்பிப் போவேன். அந்தப் போனை வேறு மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். அது ஓடுகிறதா? சரி, ஓடட்டும். ரெஜினாள் அண்ணி பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்திவிடுங்கள். அண்ணி பெயர் வராத இடம் இந்தக் கதையில் அதிகம் இல்லை, அதுதான் சங்கடம்.

முதலில் சாப்பிடுங்கள். நெம் பொரித்த சுருள்தானே, ஆறினால் தோல் தொங்கிப்போகும். கீரையும் புதினாவும் வைத்துச் சுருட்டிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் இருப்பது மீன் சாறு. மோந்து பார்க்காதீர்கள், நேராக நாக்கில் வையுங்கள்.

நீங்கள் எங்கள் மாதாவைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் சங்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் 'வியட்நாம் தமிழ்க் கலப்புப் பண்பாடு' என்று எழுதி மாட்டப்போவதாகப் போனில் சொன்னீர்கள். நல்ல காரியம். கலப்பு என்கிற வார்த்தையை எங்களைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மாதாவைத் தர முடியாது. வீட்டுக்கு வந்த மனுஷரிடம் முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் நன்றாக இருக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் அப்பா சைகோனில் ஒரு பேங்க்கில் வாட்ச்மேன். காரைக்காலிலிருந்து போனவர். அங்கேயே அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா அந்த ஊர்க்காரி. சண்டை முடிந்து சைகோன் விழுந்த வருஷம் என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். இதே தெருதான், இதே வீடுதான். அம்மாவுக்கு அப்போது ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

வந்த வருஷமே கிறிஸ்மஸ் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருமுனையில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு குடில் போடுவார்கள். ஒவ்வொரு வீடும் ஏதாவது தர வேண்டும். ஒரு வீட்டில் மணல், ஒரு வீட்டில் தென்னங்கீற்று, ஒரு வீட்டில் நிஜ ஆட்டுக்குட்டி. அது எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். பெண்கள் வந்து அம்மாவிடம், "உன் பங்குக்கு நீ வைக்கோல் குடும்மா" என்று கேட்டிருக்கிறார்கள். கையை ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். குடிலைக் காட்டினார்கள், வைக்கோலைக் காட்டினார்கள், குழந்தை படுக்கிற மாதிரி காட்டினார்கள். அம்மா தலையை ஆட்டினாள்.

நாலைந்து நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு திறந்தாள். ஒரு பிடி வைக்கோல் கேட்டதற்கு, மாதா, அவள் வீட்டுக்காரர் சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அத்தனை பேரும் காகிதத்தில்.

அதுவரைக்கும் தெருக் குடிலில் குழந்தை சேசு மட்டும்தான் சுரூபம், நிஜச் சிலை. மற்றவர்கள் எல்லாம் காலண்டரில் வெட்டி அட்டையில் ஒட்டினவர்கள். காற்று அடித்தால் மாதா குப்புற விழுந்துவிடுவாள். அதனால் அம்மா செய்ததை வைத்துக்கொண்டார்கள். பிடித்துப்போய் இல்லை. விழாமல் நின்றதால்.

எப்படிச் செய்தாள் என்று கேட்பீர்கள். களிமண்ணில் ஒரு தலை பிடித்து, எண்ணெய் தடவி, அதன்மேல் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து ஒட்டுவாள். கத்தரிக்கக் கூடாது, கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் ஒன்றோடொன்று கலக்கும். காய்ந்ததும் பின்னால் கீறி மண்ணை எடுத்துவிடுவாள். பசை மைதாவில் காய்ச்சுவது. பூச்சி வராமல் இருக்க அதில் துளி மயில்துத்தம். அது இந்த ஊர் வந்து பக்கத்து வீட்டுப் புத்தக பைண்டரிடம் கற்றுக்கொண்டது. உடம்பு வைக்கோல், மேலே துணி. இடையர்களுக்குக் கூம்புத் தொப்பி, அந்த ஊரில் வயலுக்குப் போகிறவர்கள் போடுவது. அந்த இலை இங்கே கிடைக்காது, அதனால் பனங்குருத்தில் பின்னினாள். மாதாவுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த சின்னாளப்பட்டிச் சேலையில் ஒரு துண்டு.

மூன்றாவது ராஜா வெள்ளைப்போளம் கொண்டுவர வேண்டும். வெள்ளைப்போளம் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. தூரதேசத்திலிருந்து வருகிற விலை உயர்ந்த சாமான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா யோசித்து, அவர் கையில் ஒரு மீன் சாறு ஜாடியைக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோயிலில் பூசை வைக்கிற ஒரு சாமியாரும் ஒன்றும் கேட்டதில்லை.

கடல்காற்றில் காகிதம் நமுத்துப்போகும். கரப்பான் அரிக்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம், தொடங்கினதும் பழைய முகத்துக்கு மேலேயே ஒரு சுற்றுக் காகிதம் ஒட்டி, புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா ஒட்டினாள். பிறகு நான். எனக்கு வேறு வேலை தெரியாது, நெம் சுருட்டுவதைத் தவிர. இதனால் மாதா வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே வந்தாள். ராஜாக்களும்தான். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகம் எங்கள் அம்மா மாதிரியே இருக்கிறது என்பார்கள். அது தப்பு, தம்பி. நீங்கள் அப்படி எழுதிவிடாதீர்கள். அம்மாவுக்குத் தெரிந்த முகம் அது, அதனால் அதைச் செய்தாள். சூசையப்பருக்குப் பெரிய மீசை இருக்கிறது, எங்கள் அப்பாவுக்கும் இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. நான் ஒட்டும்போது அம்மாவை நினைப்பதே கிடையாது. பசை கட்டி தட்டாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

பாருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். மந்திரிப்பு. நீங்கள் எங்கள் வேதக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு சுரூபத்தைச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டால், அது சாமான் இல்லை. விற்கக் கூடாது. குப்பையில் போடக் கூடாது. கத்தி வைக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அம்மா பிற்பாடு ஞானஸ்நானம் வாங்கினவள், அவளுக்கு எல்லாச் சட்டத்துக்கும் பயம். மந்திரித்துவிட்டால் அடுத்த வருஷம் எப்படிக் கிழித்து ஒட்டுவது? அதனால் கிறிஸ்மஸுக்கு முதல்நாள் சாயங்காலம் சாமியார் குடிலை மந்திரிக்க வரும்போது, இவள் மாதா, சூசையப்பர் என்று காகித ஆட்கள் எல்லோரையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். கேட்டால், "பெயின் காயலை, சாமி." அவளுக்குத் திருத்தமாக வந்த தமிழ் அதுதான். எத்தனையோ சாமியார்கள் மாறினார்கள். மாதா மட்டும் காயவே இல்லை. நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது ரெஜினாள் அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. எதிர்வீடு. மாதா சபைத் தலைவி. நல்ல மனுஷி, அதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். போன வருஷம் திருவருகைக் காலம் தொடங்குகிற சமயம், நான் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், அண்ணி ஒரு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"கிளோதில், இந்த வருஷமாவது மாதாவ மாதா மாதிரி பண்ணு."

"எப்பவும் பண்றதுதானே அண்ணி."

"எப்பவும் பண்றது யாரு மாதிரி இருக்குன்னு ஊருக்கே தெரியும். மூக்கே இல்ல. கோயிலுக்குப் புதுசா வர்றவங்க, நெம் விக்கிறவ என்னாத்துக்குக் குடிலுக்குள்ள உக்காந்திருக்கான்னு கேக்கறாங்க."

இதைச் சொல்லும்போது அண்ணி கையில் ஒரு நெம் இருந்தது. நான்தான் கொடுத்தேன்.

காலண்டரை விரித்தார். அதில் மாதாவுக்குக் கத்தி மாதிரி மூக்கு. அடுப்படியில் குழாய் ஓட்டை அடைக்கிற மாவு கொஞ்சம் மீதி இருந்தது. அண்ணி அதைப் பார்த்தார்.

"பேப்பர்ல வரலன்னா இத வெச்சு ஒரு மூக்கு புடிச்சு ஒட்டு. இறுகிக்கும்."

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அக்கா சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்றார். கல்யாணமான நாளாக எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது அதுதான். கெட்ட எண்ணம் கிடையாது.

எனக்குச் சண்டை ஆகாது. குழாய் மாவை மட்டும் வேண்டாம் என்று எடுத்து ஒளித்துவைத்தேன். காகிதத்திலேயே மூக்கு வைத்தேன். காலண்டரைப் பார்த்துத்தான் வைத்தேன், சத்தியமாக. ஆனால் காலண்டரில் இருப்பது தட்டையாகத்தானே இருக்கிறது? பக்கவாட்டில் அது எப்படிப் போகும் என்று தெரியவில்லை. கைக்கு ஒரு பெரிய மூக்கு தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தினமும் பக்கவாட்டில் தெரிகிற பெரிய மூக்கு, எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற மூக்குதான்.

பெயிண்ட் அடித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அண்ணி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்பத்தான் மாதாவுக்கு ஒரு களை வந்திருக்கு" என்றார்.

குடில் போட்டாயிற்று. மாதா சபைப் பெண்கள் வந்து, "அக்கா, மாதா உங்க ஜாடைங்க" என்றார்கள். அண்ணி, "அப்படியா, எனக்கொண்ணும் தெரியல" என்று சொல்லி, காலண்டர் மாதா மாதிரி நீலச் சேலை கட்ட ஆரம்பித்தார். எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மீன் விற்கிற லூர்தம்மாள் வந்து நின்று பார்க்கிற வரைக்கும்.

லூர்தம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நன்றாகப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் நின்ற அண்ணியைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "இன்னா ரெஜினா, குடில்லயே போயி குந்திக்கினியா? எவ எவ்ளோ காணிக்க போடறான்னு பாக்கறதுக்கா?" என்றாள்.

தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிறகு, "லூர்து சொன்னா ஏதாச்சும் இருக்கும்" என்று சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தார்கள். அன்றைக்கு வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "அந்த மூக்க எடுத்துடு."

வைக்கச் சொன்னதும் அவர்தான், எடுக்கச் சொன்னதும் அவர்தான். நான் எடுத்தேன். ஈரத்துணி போட்டு ஊறவைத்து, மெதுவாக இழுத்தேன். மூக்கோடு விடவில்லை, தம்பி. போன வருஷத்துச் சுற்று வந்தது, அதன் கீழே இருந்தது வந்தது, எனக்கு முன்னால் ஒட்டினது வந்தது. வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டே போனது. நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் பெயிண்டே இல்லாத ஒரு முகம் வந்தது. சின்ன முகம். இத்தனை பேருக்குள் அவ்வளவு ஒல்லியாக ஒருத்தி இருந்திருக்கிறாள்.

அது செய்தித்தாள். நம் பேப்பர் இல்லை. எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கொக்கியும் புள்ளியுமாக இருக்கிறதே, அந்த ஊர்ப் பேப்பர். சைகோனிலிருந்து பீங்கான் தட்டு சுற்றிக்கொண்டு வந்ததாக இருக்கும். கன்னத்தில் ஓர் இடத்தில் பசை வழிந்து, அதைக் கட்டைவிரலால் துடைத்திருக்கிறாள். ரேகை அப்படியே இருக்கிறது. நான் என் விரலை வைத்துப் பார்க்கவில்லை. வைக்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அன்றைக்கு மத்தியானம் சமைக்கவில்லை, அது வேறு காரணம். கேஸ் தீர்ந்திருக்கலாம்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மாடிவீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். போனில் படம் பிடித்து, போனையே படிக்கச் சொன்னாள். டப்பாப் பால் விளம்பரமாம். பெரியதாக ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். பரவாயில்லை, மாதாவுக்குப் பொருத்தமானதுதான். அந்தப் பெண் படத்தை யாருக்கோ அனுப்ப, அவர்கள் யாருக்கோ அனுப்ப, அப்படித்தான் உங்கள் சங்கத்துக்கு வந்திருக்கிறது.

நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வருவார், மருந்து போட்டு மீதிக் காகிதத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு சுற்றையும் தனியாகக் கண்ணாடிக்குள் வைக்கலாம் என்றீர்கள். அம்மா ஒட்டினது தனி, நான் ஒட்டினது தனி. நான் சரி சரி என்றேன். எனக்குப் போனில் வேறு எதுவும் சொல்ல வராது. வைத்த பிறகு மாதாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதே வாரம் அண்ணி உள்ளே வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அய்ய, என்னாடி இது. பேப்பர் பொறுக்கறவ மூஞ்சி மாதிரி."

"காய வெச்சிருக்கேன் அண்ணி."

"ஒண்ணும் காய வேணாம். நான் ஃபைபர்ல புது செட்டு சொல்லிட்டேன். இதக் கொண்டுபோய்க் கடல்ல விட்ரு. மந்திரிக்காததுதானே, ஒரு தப்பும் இல்ல."

ஒரு பக்கம் பிரித்து வைக்கிறவர்கள், ஒரு பக்கம் கடலில் விடுகிறவர். நடுவில் நான். எனக்கு இரண்டு பேரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. ஆனால் அண்ணி போன பிறகு, கடைசியாகச் சொன்ன வார்த்தை மட்டும் அடுப்படியிலேயே நின்றது. மந்திரிக்காததுதானே.

சாமியாரிடம் நேராகக் கொண்டுபோகலாம்தான். அவர் என்ன ஏது என்று கேட்பார். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்பார். மாதா சபைத் தலைவி அல்லவா?

அப்போது பார்த்து அண்ணி புது ஸ்கூட்டர் வாங்கினார். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புது வண்டி வாங்கினவர்கள் கோயில் வாசலில் நிறுத்துவார்கள். சாமியார் வந்து மந்திரிப்பார். அண்ணி என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மாலை பிடிக்க ஆள் வேண்டும். மூக்கு விஷயத்தை மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் ஒரு துணிப்பை எடுத்துப்போனேன். உள்ளே மாதா. அந்தச் செய்தித்தாள் முகத்தோடு, பெயிண்ட் இல்லாமல். மேலே ஒரு பொட்டலம் நெம். ஸ்கூட்டரில் முன்னால் கொக்கி இருக்கிறதே, அதில் மாட்டினேன்.

"பையில என்னா?" என்றார் அண்ணி.

"நெம், அண்ணி. சாமியாருக்கு."

பொய் இல்லை. நெம் இருந்தது.

சாமியார் வந்தார். நான் பொட்டலத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன், பை வாய் திறந்திருக்கட்டும் என்று. அவர் புத்தகத்தைப் பார்த்து, "இந்த வாகனத்தையும் இதில் பயணம் செய்கிறவர்களையும் எல்லா ஆபத்திலிருந்தும் காத்தருளும்" என்று ஜெபித்தார். நன்றாகத் தெளித்தார். தாராள மனசு. வண்டி மேல், மாலை மேல், அண்ணி மேல், பைக்குள்ளே. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பொட்டலத்தைக் கொடுக்கும்போது கேட்டேன்.

"சாமி, வண்டில இருந்ததெல்லாம் மந்திரிச்சதுதானே?"

"தீர்த்தம் பட்டதெல்லாம் மந்திரிச்சதுதாம்மா. ஏன், நெம்முக்கும் சேத்தா?"

"நெம் என் கைல இருந்துச்சு சாமி. மத்ததுக்குக் கேட்டேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். பயணியாக மந்திரித்தது சுரூபத்துக்குச் செல்லுமா என்று எனக்கு ராத்திரியெல்லாம் கவலை. பிறகு நினைத்தேன், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவள்தானே, பயணி என்றால் தப்பில்லை.

அடுத்த வாரம் ஃபைபர் மாதா வந்து இறங்கினாள். அண்ணி, "பழச கடல்ல விட்டுட்டியா?" என்றார்.

"விடக் கூடாது அண்ணி. மந்திரிச்சாச்சு."

"யாரு மந்திரிச்சது? எப்போ?"

"உங்க வண்டியோட."

அண்ணி வாயைத் திறந்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை, தம்பி. சந்தேகமாகத்தான் கேட்டேன்: "அது செல்லாதுன்னா வண்டிக்கும் செல்லாதுங்களா அண்ணி?" அண்ணி ஸ்கூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டி நன்றாக ஓடுகிறது.

அதனால் மாதாவைத் தர முடியாது. பிரிக்கக் கூடாது, மருந்து போடக் கூடாது. அந்த அறையில் இருக்கிறாள், பார்த்துவிட்டுப் போங்கள். கன்னத்தில் தீர்த்தம் விழுந்த இடத்தில் காகிதம் லேசாகப் பொங்கியிருக்கிறது, கொசு கடித்த மாதிரி. ரேகைக்குப் பக்கத்திலேயே. ஒரு விரல் பசை வைத்து அழுத்தினால் படிந்துவிடும். நானும் இனிமேல் கை வைக்கக் கூடாது. சட்டம் எனக்கும்தானே. இந்தத் திருவருகைக் காலத்துக்குப் பழக்கத்தில் பசை காய்ச்சிவிட்டேன். வைத்திருந்து கொட்டினேன். ஒன்றுமில்லை, மைதாதானே.

வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. சூசையப்பரை வேண்டுமானால் எடுத்துப்போங்கள். அவரை நான் வண்டியில் ஏற்றவில்லை. அவருக்கு மூக்கில் தகராறு இல்லை. பெட்டிக்குள் வைக்கும்போது கதவுப் பக்கம் பார்த்து நிற்கிற மாதிரி வையுங்கள், அப்பா பேங்க்கில் அப்படித்தான் நிற்பார். அவருக்கு நாலு ஊர் பார்க்கப் பிடிக்கும்.

அம்மா ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவிடுங்கள்.